உப்பு நீரை அளக்க எந்தக் கருவி?

(வானொலி வேளாண் உரை)



ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாமும் விதையை அளக்கிறோம், உரத்தை அளக்கிறோம், பூச்சி மருந்தை மூடியில் ஊற்றி அளக்கிறோம். ஆனால் தண்ணீரில் இருக்கிற உப்பை மட்டும் இன்னும் பல பேர் நாக்கில் வைத்துத்தான் பார்க்கிறோம். நாக்கு "கரிக்குது" என்று சொல்லும்; எவ்வளவு என்று சொல்லாது. தினமும் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பழகியவருக்கோ கரிப்பதே தெரியாது.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு வரை உள்ள நம் பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு பக்கம் கடல். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. உப்பளங்கள் இருக்கின்றன. அனல் மின் நிலையத்திலிருந்து வெளியேறும் சுடுதண்ணீரும் கழிமுகத்தில் கலக்கிறது. ஒரே ஊரில் ஒரு கிணறு நன்றாக இருக்கும், நூறு கஜம் தள்ளி அடுத்த கிணறு உப்பாக இருக்கும். ஒரே ஓடையில் ஏற்றத்தில் ஒரு உப்பு, வற்றத்தில் ஒரு உப்பு. ஐப்பசி மழையில் ஒன்று, வைகாசி வெயிலில் ஒன்று. இதையெல்லாம் கருவி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கருவியை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கிய கருவி உண்மை சொல்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தப்பாக அளந்தால் என்ன ஆகும்?

முதலில் குளத்தை எடுத்துக்கொள்வோம். வனாமி இறால் மிகக் குறைந்த உப்பிலிருந்து கடல் நீரைவிடக் கூடுதலான உப்பு வரை தாங்கும். ஆனால் நன்றாக வளருவதற்கு ஆயிரத்துக்கு 10 முதல் 25 பங்கு உப்பு ஏற்றது. குஞ்சு பொரிப்பகத்தில் இருக்கிற தண்ணீரோ ஆயிரத்துக்கு 28 முதல் 32 பங்கு வரை உப்பாக இருக்கும். ஆகவே குஞ்சு வாங்கப் போகும்போது, "உங்கள் குளத்தில் சாலினிட்டி எவ்வளவு?" என்று கேட்பார்கள். நீங்கள் சொல்லும் கணக்குக்குத் தகுந்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்துக் குஞ்சைப் பழக்கித் தருவார்கள்.

உங்கள் கருவி 12 என்று காட்டுகிறது, உண்மையில் குளத்தில் இருப்பது 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-க்குப் பழகிய குஞ்சு 7-இல் போய் விழுகிறது. அதில் ஒரு பங்கு அன்றைக்கே சாகும். மீதி சோர்ந்து அடியில் கிடக்கும். குஞ்சு சரியில்லை என்று பொரிப்பகத்தோடு சண்டை போடுவோம். தப்பு குஞ்சில் இல்லை, கருவியில் இருக்கிறது. கொடுவா, பால் கெண்டை போன்ற மீன்கள் நல்ல தண்ணீரிலிருந்து கடல் நீர் வரை எதிலும் வாழக்கூடியவை. அவையும்கூட திடீர் மாற்றத்தைத் தாங்குவதில்லை.

இனி வயலைப் பார்ப்போம். மீஞ்சூர்ப் பகுதியின் கதை உங்களுக்குத் தெரியும். 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு நடந்த ஆய்வில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நல்ல நிலத்தடி நீர் இருப்பது தெரிந்தது. அங்கே குழாய்க் கிணறுகள் போட்டு, நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். வயலுக்கும் எடுத்தோம். நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கும் வரை அது கடல் நீரைத் தள்ளிப் பிடித்திருக்கும். நல்ல தண்ணீர் மட்டம் இறங்கினால் கடல் நீர் உள்ளே வரும். 1969-இல் சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உப்பு நீர், பின்னால் 10 கிலோமீட்டரையும் தாண்டி உள்ளே வந்துவிட்டதாக ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். 1987-இல் சென்னை மாநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே காரணம்.

இந்த உப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. வருஷத்துக்குக் கொஞ்சமாக ஏறியது. மாதம் ஒரு தடவை அளந்து எழுதி வைத்தவருக்கு அது வருவது முன்கூட்டியே தெரியும். நாக்கை நம்பினவருக்கு, நாற்று நுனி கருகின பிறகுதான் தெரியும்.

எண்களைப் புரிந்துகொள்வோம்

குளத்துக்கும் கடலுக்கும் ஒரு கணக்கு, கிணற்றுக்கு ஒரு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்பதுதான் குளத்துக் கணக்கு. இதைத்தான் பி.பி.டி., அதாவது ஆயிரத்தில் இத்தனை பங்கு என்கிறார்கள். காசிமேட்டுக்கு வெளியே நடுக்கடலில் கோடைக்காலத்தில் எடுத்த தண்ணீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். உலகத்துக் கடல்களின் சராசரியும் அதுதான்.

கிணற்றுத் தண்ணீரில் உப்பு இதைவிட மிகவும் குறைவு. அதை மின்சாரம் பாயும் திறனை வைத்து அளக்கிறோம். உப்பு கூடினால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மண் பரிசோதனை அட்டையில் இ.சி. என்று போட்டிருப்பது இதுதான். பழைய அட்டையில் மில்லிமோ என்று இருக்கும், இப்போது டெசிசீமன் என்று இருக்கும். பெயர்தான் வேறு, எண் ஒன்றுதான். கையடக்கக் கருவியில் மைக்ரோசீமன் என்று வந்தால் 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

உலக உணவு வேளாண் நிறுவனத்தின் அட்டவணைப்படி, பாசன நீரின் இ.சி. 0.7-க்குள் இருந்தால் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை பயிருக்கும் மண்ணுக்கும் தகுந்தபடி கவனமாக இருக்க வேண்டும். 3-க்கு மேல் போனால் கடுமையான உப்பு. நெல்லுக்குப் பாசன நீரில் 2 வரை விளைச்சல் குறையாது. 3.4 அளவில் கால் பங்கு விளைச்சல் போய்விடும். 4.8-க்கு வந்தால் பாதி போய்விடும். கடல் நீரின் இ.சி. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 53. ஆகவே கடல் நீரில் ஒரு சிறு பங்கு கலந்தாலே நெல்லுக்கு ஆபத்து என்பது புரியும்.

என்னென்ன கருவிகள் இருக்கின்றன?

ஒன்று: பேனா மீட்டர். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். நுனியைத் தண்ணீரில் தோய்த்தால் எண் காட்டும். கிணற்றுத் தண்ணீருக்கு இதுவே போதும். ஆனால் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்க.

முதலாவது, அது எவ்வளவு வரை அளக்கும் என்பது. ஆர்.ஓ. தண்ணீர் பார்ப்பதற்காக விற்கும் டி.டி.எஸ். பேனாக்களில் பல, லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் அளவோடு நின்றுவிடும். கடல் நீரோ 35,000. குளத்துத் தண்ணீரில் அதைத் தோய்த்தால் கோடு காட்டும், அல்லது சம்பந்தமில்லாத எண் காட்டும். அது கருவியின் குற்றம் இல்லை. மளிகைத் தராசில் மாட்டை நிறுக்கப் போவது போலத்தான். குளத்துக்கு வேண்டுமானால் கடல் நீர் அளவு வரை காட்டும் மீட்டராகக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, இ.சி. காட்டுகிறதா என்று பாருங்கள். இந்தப் பேனாக்கள் அளப்பது மின்கடத்தலை மட்டும்தான். அதை ஒரு எண்ணால் பெருக்கித்தான் டி.டி.எஸ். என்று காட்டுகின்றன. ஒரு கம்பெனி 0.5-ஆல் பெருக்கும், இன்னொன்று 0.64, மற்றொன்று 0.7. இ.சி. 2 உள்ள ஒரே கிணற்றுத் தண்ணீர் ஒரு பேனாவில் 1000 என்றும், இன்னொன்றில் 1280 என்றும், மூன்றாவதில் 1400 என்றும் வரும். பக்கத்து வயல்காரரோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதற்கு முன்னால், இரண்டு பேரும் இ.சி.-யைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வெப்பத்துக்குத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கிறதா என்பது. தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் மின்கடத்தல் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு கூடும். இந்த வசதி இல்லாத கருவி, வெயிலில் நின்ற தண்ணீரை இல்லாத உப்போடு காட்டும். ஏ.டி.சி. என்று கருவியில் ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும். இல்லையென்றால் வாங்காதீங்க.

இரண்டு: ஹைட்ரோமீட்டர் என்கிற மிதவை மானி. பால் சங்கத்தில் லாக்டோமீட்டர் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். உப்புத் தண்ணீர் கனம், அதனால் மிதவை மேலே தூக்கி நிற்கும். உப்பளத்தில் டிகிரி பார்ப்பதும் இதே வகைக் கருவியில்தான். கடல் நீர் சுமார் 3½ டிகிரி இருக்கும். பாத்தியில் 25 டிகிரி வந்ததும் உப்புப் பூக்கத் தொடங்கும். அந்த உப்பளக் கருவியில் கோடுகள் பெரிய அளவுக்குப் போட்டவை. அதைக் குளத்தில் விட்டால் நமக்கு வேண்டிய வித்தியாசம் தெரியாது. பேட்டரிக்கடை ஹைட்ரோமீட்டரும் உதவாது, அது திராவகத்துக்கானது. நமக்கு 1.000-இல் தொடங்கி 1.040 அல்லது 1.070 வரை கோடு போட்ட கண்ணாடி மானி வேண்டும். கடல் நீர் 1.026-ஐ ஒட்டி நிற்கும்.

இந்தக் கருவி விலை மலிவு, பேட்டரி வேண்டாம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. தண்டின் மேல் ஒரு வெப்ப அளவு அச்சடித்திருக்கும். பல மானிகளில் அது 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 15.6 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் பார்த்தால்தான் அது சரியாகச் சொல்லும். நம் குளத்துத் தண்ணீர் 30 டிகிரி இருக்கும். சூட்டில் தண்ணீர் விரிந்து கனம் குறையும். அந்த மானி 30 டிகிரியில் உள்ள 35 பங்குக் கடல் நீரை ஏறக்குறைய 30 பங்கு என்று காட்டும். 5 பங்கு அங்கேயே தொலைந்தது. அனல் மின் நிலையச் சுடுதண்ணீர் கலக்கும் இடத்தில் எடுத்த தண்ணீரில் தவறு இன்னும் கூடும். ஆகவே மானியோடு ஒரு தெர்மாமீட்டரும் வெப்பத் திருத்த அட்டவணையும் சேர்த்து வாங்குங்கள். அட்டவணை தராத கடையில் அந்த மானியை வாங்க வேண்டாம்.

மூன்று: ரிஃப்ராக்டோமீட்டர் என்கிற ஒளிவிலகல் மானி. சின்ன டார்ச் விளக்கு மாதிரி இருக்கும். முனையில் உள்ள கண்ணாடியில் மூன்று நான்கு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பு. இறால் பண்ணைகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. குளத்துக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். கிணற்றுக்கு மட்டும் இது ஆகாது. இதன் ஒரு கோட்டின் அளவே ஒரு பங்கு. நெல்லைப் பாதிக்கிற உப்போ ஒன்றிரண்டு பங்குக்குள் அடங்கிவிடும்.

இங்கேயும் ஏமாற இடம் உண்டு. இதே உருவத்தில் கரும்புச் சாறு பார்க்கும் பிரிக்ஸ் மானி இருக்கிறது, வண்டி ரேடியேட்டர் திரவம் பார்க்கும் மானி இருக்கிறது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போல இருக்கும். உள்ளே பார்த்து, 0 முதல் 100 வரை ஆயிரத்துக்கு இத்தனை பங்கு என்ற கோடு ஒரு பக்கமும், 1.000 முதல் 1.070 வரை மறுபக்கமும் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். இன்னொன்று: சில மானிகள் கடல் நீருக்காக இல்லாமல், வெறும் சோற்றுப்பு கரைத்த நீருக்காகக் கோடு போட்டவை. அவற்றில் 35 பங்குக் கடல் நீர் 36½ என்று தெரியும். பெட்டியில் "கடல் நீர்" என்று தெளிவாகப் போட்டிருப்பதைக் கேளுங்கள்.

நான்கு: ஆய்வகச் சோதனை. வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குளோரைடை அளப்பார்கள். இது அன்றாடம் செய்கிற காரியம் இல்லை. ஆனால் நம் கையில் உள்ள கருவியைச் சரிபார்க்க இது ஒரு சாட்சி.

சரிபார்க்காத கருவி கருவியே இல்லை

இன்று நான் சொல்கிறவற்றில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். விலை கூடின கருவி என்பதற்காக அதை நம்பாதீர்கள். உப்பு இவ்வளவு என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு தண்ணீரில் அதைச் சோதித்துவிட்டு நம்புங்கள். தராசுக்கு முத்திரை குத்திய எடைக்கல் இருப்பது போல, உப்பு மானிக்கும் ஒரு எடைக்கல் வேண்டும்.

ரிஃப்ராக்டோமீட்டரோடு வரும் குறிப்பில், காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுப் பூஜ்யத்தில் நிற்கச் செய்யுங்கள் என்று இருக்கும். அது சரி, ஆனால் போதாது. பூஜ்யத்தில் ஒழுங்காக நின்று, மேலே போகப் போகத் தப்பும் கருவிகள் இருக்கின்றன. ஒரு கிலோவுக்குச் சரியாக நிற்கும் தராசு மூட்டைக்குத் தப்புவது இல்லையா? நாம் எந்த அளவில் வேலை செய்கிறோமோ, அந்த அளவில் சோதித்தாக வேண்டும்.

அதற்கான எடைக்கல்லை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கல் உப்பு வேண்டாம். அதில் ஈரமும் மற்ற உப்புகளும் இருக்கும். பாக்கெட்டில் வரும் தூள் உப்பை வாணலியில் லேசாகச் சூடுகாட்டி ஈரம் போக்கி ஆறவிடுங்கள். நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் 36½ கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் 963½ கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். லிட்டர் கணக்கு வேண்டாம், எடைதான் முக்கியம். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கடையில் கிடைக்கும். திராவகத்தை மாற்றி வாங்கிவிடக் கூடாது. இரண்டையும் நன்றாகக் கலந்தால், கடல் நீருக்கான ரிஃப்ராக்டோமீட்டரில் இது 35 என்று காட்ட வேண்டும். இதே கரைசலில் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று எடைக்கு எடை கலந்தால் 17½ காட்ட வேண்டும். நம் குளத்து அளவுக்கு இந்த இரண்டாவது சோதனைதான் நெருக்கம். வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். மூன்று நான்கு என்று தப்பினால் கருவியைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும்தான். சாதாரண உப்பும் கடல் உப்பும் ஒளியை வளைப்பதில் ஒரு விதம், மின்சாரம் கடத்துவதில் வேறு விதம். ஆகவே பேனா மீட்டருக்கு இந்தக் கரைசல் உதவாது. அதற்கு 1413 மைக்ரோசீமன் என்று போட்ட பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் சிறு பொட்டலமாகவோ புட்டியாகவோ விற்கிறார்கள். கிணற்றுக்கு அது போதும். குளத்து மீட்டருக்கு 12.88 மில்லிசீமன் கரைசல் கேளுங்கள்.

செய்து வைத்த கரைசலை இறுக்கி மூடி நிழலில் வையுங்கள். மூடி தளர்ந்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு கூடிவிடும். பிறகு எடைக்கல்லே பொய் சொல்லும். புட்டியின் மேல் தேதியும், "குடிக்கக் கூடாது" என்றும் எழுதி ஒட்டுங்கள்.

தண்ணீர் எடுப்பதிலும் முறை இருக்கிறது

நல்ல கருவியும் தப்பான இடத்தில் எடுத்த தண்ணீரைச் சரிசெய்யாது.

மழை பெய்த மறுநாள் குளத்தின் மேல்தண்ணீரை மட்டும் எடுத்துப் பார்த்தால் உப்பே இல்லை என்று காட்டும். மழைத்தண்ணீர் லேசு, மேலே நிற்கும். உப்புத்தண்ணீர் கனம், அடியில் நிற்கும். இறால் இருப்பது அடியில்தான். ஆகவே ஒரு புட்டியில் கல் கட்டி, தக்கைக்கு ஒரு கயிறு கட்டி, அடியில் இறக்கிய பிறகு தக்கையை இழுத்துத் திறந்து தண்ணீர் எடுங்கள். மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டும் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் இருந்தால் காற்றுச் சக்கரத்தை ஓட்டிக் கலக்கிவிட வேண்டும்.

கழிமுகத்திலிருந்து தண்ணீர் இறைக்கிறவர்கள் ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு தடவையும் வற்றத்தில் ஒரு தடவையும் அளந்து பாருங்கள். எப்போது இறைத்தால் நமக்கு வேண்டிய உப்பு கிடைக்கும் என்பது ஒரு வாரத்தில் பிடிபடும்.

கிணற்றில் மோட்டார் போட்டவுடனே எடுத்தால் குழாயில் தேங்கின தண்ணீர்தான் வரும். கால் மணி நேரம் ஓடவிட்டு அளந்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அளங்கள். எண் ஏறிக்கொண்டே போனால், அடியிலிருந்து உப்பு நீர் மேலே இழுபடுகிறது என்று அர்த்தம். அந்தக் கிணற்றில் ஒரேயடியாக இறைக்காமல், நிறுத்தி நிறுத்திக் கொஞ்சமாக இறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ரிஃப்ராக்டோமீட்டரின் வெப்பத் திருத்தம் பொதுவாக 10 முதல் 30 டிகிரி வரைதான் வேலை செய்யும். நம் கத்திரி வெயிலில் கரையில் நின்று பார்த்தால் அதைத் தாண்டிவிடும். தண்ணீரைப் புட்டியில் எடுத்துவந்து, நிழலில் ஆறவிட்டு, சொட்டு விட்ட பிறகு அரை நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். பார்த்து முடித்ததும் கண்ணாடியை நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். முழுக் கருவியையும் வாளியில் முக்காதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எண்ணெய்ப் படலம் பேனா மீட்டரின் நுனியில் ஒட்டினால் உப்பைக் குறைத்துக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒட்டினால் கோடே மங்கிப்போகும். அப்படித் தெரிந்தால் சோப்பு நீரில் மென்மையாகக் கழுவி, மறுபடி எடைக்கல் தண்ணீரில் சோதித்த பிறகே நம்புங்கள்.

கருவி சொல்லாதது

உப்பு மானி உப்பின் மொத்த அளவை மட்டும் சொல்லும். என்னென்ன உப்பு என்று சொல்லாது. கடல் நீர் 10 பங்கும், போர்வெல் உப்பு நீர் 10 பங்கும் கருவியில் ஒன்றாகத் தெரியும். ஆனால் போர்வெல் நீரில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைவாக இருக்கலாம். அப்போது உப்பு அளவு சரியாக இருந்தும் இறால் ஓடு இளகியே கிடக்கும், வளர்ச்சி நிற்கும். இதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி. அதே போல எண்ணெய், சாம்பல், ஆலைக் கழிவு, அம்மோனியா எதையும் இந்தக் கருவி காட்டாது. "சாலினிட்டி 20 இருக்கு, தண்ணீர் நல்லா இருக்கு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னும் ஒரு விஷயம். கடலோரத்தில் இறால் பண்ணை வைப்பவர்கள், 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் குளத்து உப்புத் தண்ணீர் பக்கத்து நெல் வயலுக்குக் கசியாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. குளத்துக்கரைக்கு வெளியே உள்ள கிணற்றையும் மாதம் ஒரு தடவை பேனா மீட்டரால் பாருங்கள். எண் எழுதி வைத்திருந்தால் அண்டை அயலோடு வழக்கு வராது.

ராயபுரம், கொளத்தூர் பக்கத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கண்ணாடித் தொட்டியில் கடல் வண்ண மீன் வளர்க்கிறார்கள். சிலர் அதையே தொழிலாகவும் செய்கிறார்கள். அவர்களுக்கும் இதே பாடம்தான். தொட்டியில் 33 முதல் 35 பங்கு வரை ஒரே நிலையில் இருக்க வேண்டும். தொட்டிக்குள் ஊசல் போல ஆடும் பிளாஸ்டிக் மானியை மட்டும் நம்பாதீர்கள். அதன் ஊசியில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே எண் மாறிவிடும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும் என்பதால், குறைகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல.

எங்கே போய்க் கேட்பது?

கிணற்று நீருக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். குளத்து நீருக்குப் பொன்னேரி மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் 1987-இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தண்ணீர் கொண்டு போகும்போது சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி, இறுக்கி மூடி, பெயர், ஊர், எடுத்த இடம், ஆழம், தேதி எழுதி ஒட்டி எடுத்துச் செல்லுங்கள். கொடுப்பதற்கு முன் அதே தண்ணீரை உங்கள் கருவியிலும் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வக முடிவு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கருவியின் குணம் தெரிந்துவிடும்.

தனியாக வாங்க முடியாதவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, ஊருக்கு ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், ஒரு பேனா மீட்டர், ஒரு புட்டி எடைக்கல் தண்ணீர் என்று வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வையுங்கள். தேதி, நேரம், இடம், ஏற்றமா வற்றமா, எண் எவ்வளவு, கடைசியாகக் கருவியைச் சோதித்தது எப்போது என்று ஆறு கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரு வருஷம் எழுதினால், உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு எந்த அதிகாரிக்கும் தெரியாது. நாளைக்கு உங்கள் கிணறு ஏன் உப்பானது என்று நீங்கள் யாரிடமாவது கேட்க வேண்டி வந்தால், அந்த நோட்டுதான் உங்கள் பக்கம் நின்று பேசும்.